சொல்லாமல் அணையும் வெளிச்சம்

டார்ச் கனக்கவில்லை. இரும்புக் கதவைத் தாண்டி நூறு அடி நடந்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. பதினோரு வருடமாக வாரம் ஒரு தடவை ஏந்திய டார்ச். இரண்டு பெரிய பேட்டரிகள் போட்டால் மணிக்கட்டு எவ்வளவு இறங்கும் என்று அந்தக் கைக்குத் தெரியும். இன்று இறங்கவில்லை.

"அண்ணா, இது ஏன் இவ்ளோ லேசா இருக்கு?"

"சார்ஜ் போடுற பேட்டரி அப்படித்தான் இருக்கும். நீ நட."

அணையின் வயிற்றுக்குள் ஓடும் நடைபாதை அது. தலைக்கு மேல் ஒரு கடல் அளவு தண்ணீர் சத்தமில்லாமல் அழுத்திக்கொண்டிருக்க, துருவேறிய இரும்பும் ஊறிய சுண்ணாம்பும் கலந்த வாடை மூக்கில் ஏறி நாக்குவரை இறங்கும். சொட்டும் நீரின் ஒலி முன்னே போய் எதிலோ முட்டி, வேறு யாரோ சொட்டுவதுபோலத் திரும்பி வரும். சுவரில் கசியும் நீரைப் பிடிக்க வழியெங்கும் பன்னிரண்டு கண்ணாடிக் குழாய்கள். அவற்றில் நீர் எந்தக் கோடுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்து எழுதுவது அவள் வேலை. துணைக்கு வருவது அண்ணன் வேலை. வெளியே காலை பத்து மணி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே பகல் என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை. மின்விளக்குகள் ஈரத்தில் செத்து வருடங்களாகிவிட்டன. ஈரம் ஆகாதென்று கைப்பேசிகளையும் கதவருகே பெட்டியில் வைத்துவிட்டுத்தான் நுழைவார்கள்.

டார்ச்சுக்கு எந்தப் பேட்டரி என்பதில் அவளுக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. தீர்ந்தால் தூக்கிப் போடுகிற பேட்டரிதான். அது சாவதற்கு முன்னால் சொல்லிவிடும். முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், கதவுக்கு வந்து சேர அரைமணி நேரமாவது கொடுக்கும். சார்ஜ் போடுகிற பேட்டரி அப்படியல்ல. விருந்துக்கு வந்தவன்போலக் கடைசிவரை பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விடும். அலுவலகத்தில் சிக்கனம், குப்பை குறையும் என்று யார் பேசினாலும் அண்ணனும் அவள் பக்கம்தான் நிற்பான். போன வாரம் திடீரென்று கட்சி மாறினான். வீட்டில் தானே சார்ஜ் போட்டுக் கொண்டுவருவதாகவும், மாற்று ஜோடியையும் தானே சுமப்பதாகவும் சொன்னான். கூடப்பிறந்தவன் சொல்லும்போது என்ன வாதம்? தலையாட்டிவிட்டாள். இன்றுதான் முதல் தடவை.

ஆறாவது குழாயில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது அவன் டார்ச் வெளிச்சம் அவள் தோளைத் தாண்டிச் சுவரில் விழுந்தது.

அது மஞ்சளாக இருந்தது.

பேனா நின்றது. அவளுடைய வட்டம் வெள்ளை வெளேரென்று இருந்தது. பக்கத்தில் அவனுடையது, பழைய காகிதம்போல மங்கி. சார்ஜ் பேட்டரி மஞ்சளாகாது. தனக்கு மட்டும் அவன் பழைய பேட்டரியையே வைத்துக்கொண்டிருக்கிறான்.

கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. கேட்டால் ஏதோ ஒன்று உறுதியாகிவிடும் என்று தோன்றியது. ஏழாவது குழாய்க்கு நடந்தாள். இப்போது அவன் செருப்புச் சத்தம் சற்றுத் தள்ளிக் கேட்டது. முழங்கால் வலி என்று காலையிலேயே சொல்லியிருந்தான்; அதுவாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். தேறவில்லை.

பம்ப் ஆபரேட்டரின் ஞாபகம் வந்தது. போன வருடம் இதே மாதம் அண்ணனோடு உள்ளே வந்தவர் திரும்பிப் போகவில்லை. வழுக்கி வடிகாலில் விழுந்துவிட்டார் என்றான் அண்ணன். வடிகால் முழங்கால் ஆழம்தான். இரண்டு வாரம் துழாவியும் உடல் கிடைக்கவில்லை. விசாரிக்க வந்த அதிகாரியிடம், எங்கள் அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது என்று கண்ணீரோடு சொன்னவள் அவள்தான். அன்று இரவு அவன் அவள் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டான்.

எட்டாவது குழாய். கோட்டின் மேல் விரல் வைத்தாள்.

வெளிச்சம் போய்விட்டது.

மங்கவில்லை. நடுங்கவில்லை. இருந்தது, இல்லை.

பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். டார்ச்சை உள்ளங்கையில் தட்டினாள். சொட்டுச் சத்தம் நின்றிருப்பதை அப்போதுதான் கவனித்தாள்.

"அண்ணா, மாத்துப் பேட்டரியக் குடு."

வெகு பின்னால் மஞ்சள் வெளிச்சம் அசையாமல் நின்றது. அவன் பேசினான். அவளிடம் அல்ல. அலுவலகத்தில் பெரிய அதிகாரிகளிடம் பேசும் அந்தக் குரலில், அவளுக்கும் அப்பால் இருந்த இருட்டைப் பார்த்து, மெதுவாகச் சொன்னான்.

"இந்த வருஷத்துக்கும் கூட்டிட்டு வந்துட்டேங்க. வெளிச்சம் வேண்டாம்னீங்க. இப்ப இல்லீங்க."

அவள் அந்த இருட்டின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"யார்கிட்ட பேசற?"

அவன் குரல் உடைந்திருந்தது.

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கும்மா. உனக்குன்னு யாரு இருக்கா?"

"நீ இருக்கேன்னுதானேண்ணா நெனச்சிட்டிருந்தேன்."

மஞ்சள் வெளிச்சம் திரும்பியது. நடந்தது. பிறகு ஓடியது. முழங்கால் வலிக்காரன் ஓட்டமல்ல அது. அவளும் சுவரைத் தடவியபடி ஓடினாள். ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். எழுந்தபோது எந்தப் பக்கம் கதவு என்று தெரியவில்லை. பட்டாணி அளவு வெளிச்சம். கடுகு அளவு. இல்லை.

எங்கோ இரும்புக் கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டு.

அப்புறம் சத்தமே இல்லை. அவள் மூச்சு மட்டும்.

அவள் மூச்சு மட்டும்தானா?

அடக்கினாள். இன்னொன்று அடங்கவில்லை.

கையிலிருந்த டார்ச்சை ஏதோ தொட்டது. பிடுங்கவில்லை. தூங்கும் குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பதுபோல, விரல் விரலாக, மிகவும் பொறுமையாக வாங்கிக்கொண்டது. மூடி திருகும் ஓசை. மரை ஒவ்வொன்றாகக் கழன்றது. அவள் உள்ளங்கை விரிக்கப்பட்டது. அதில் ஒரு பேட்டரி வைக்கப்பட்டது. இன்னொன்று. ஊறிச் சுருங்கிய தோலின் குளிர்ச்சியோடு, அவள் விரல்கள் அவற்றின் மேல் மெல்ல மடக்கப்பட்டன.

அந்தக் கை விலகவில்லை.

பிறகு, முன்னால் நீண்டுகிடந்த இருட்டு முழுவதும், இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தவர்கள் ஈரத் துணியோடு எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஒருவர். அவருக்குப் பின்னால் இன்னொருவர். அவருக்கும் பின்னால்.