டுட்கா வீட்டு நெருப்பு

டுட்கா வீட்டு வாசலில் லாயிட் வண்டியை நிறுத்தியபோது பிற்பகல்தான். ஆனால் சஸ்காச்சுவன் சமவெளியில் ஜனவரி வெயில் அதற்குள் சாம்பல் பூத்துவிட்டிருந்தது. வாயில் எப்போதும் புகையிலை அடக்கியிருக்கும் கிழவர் ஒனுஃப்ரி டுட்கா போன குளிர்காலத்தில் தூக்கத்திலேயே இறந்துபோனார். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். இப்போது அங்கே வேரா குடியிருந்தாள். கணவனுக்கு வடக்கே சுரங்கத்தில் வேலை. வீட்டில் அவளும் கைக்குழந்தையும் கொழுந்தன் டானிலோவும்.

குடிவந்த நாளிலிருந்து வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நிலையாக எரியவில்லை. ஃபர்னஸ் மெக்கானிக்கான லாயிட் ஏற்கெனவே வந்து பற்றவைக்கும் பாகத்தை மாற்றிக் கொடுத்திருந்தான். சுடர் பிடித்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனான். அவன் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் அணைந்துவிட்டதாம்.

வேரா கதவைத் திறந்தாள். மேலே இரண்டு கோட்டு. குழந்தை அதற்குள் எங்கோ இருந்தது.

"பூட்ஸைக் கழட்டாதீங்க லாயிட். உள்ளயும் வெளியிலயும் ஒரே குளிர்தான்."

படியிறங்கும்போது அவன் காதருகே கிசுகிசுத்தாள்.

"என் கொழுந்தன்தான் ஏதோ பண்றான். வீட்டை வித்துட்டு ரெஜைனாவுக்குப் போயிடணும்னு ஒரே பிடிவாதம். அதான் பேஸ்மென்ட்டைப் பூட்டி சாவியைக் கழுத்துல போட்டிருக்கேன்."

நிலவறையில் ஈர மண் வாடை. லாயிட் டார்ச்சை அடித்தான். எரிவாயுக் குழாயின் கைப்பிடி குறுக்கே திரும்பியிருந்தது.

யாரோ மூடியிருக்கிறார்கள்.

கைப்பிடியின்மேல் தூசி தடிமனாகப் படிந்திருந்தது. விரல் பட்ட தடம் ஒன்றுகூட இல்லை.

"பாத்தீங்களா?" என்றாள் வேரா.

டானிலோ படியின் மேல்முனையில் வந்து நின்றான். அவன் தோளில் புதுப் பனி. "சத்தியமா நான் தொடல அண்ணி. சாவி உங்க கழுத்துல. பழி மட்டும் என் தலையிலயா?"

அதுவும் நியாயம்தான் என்று லாயிடுக்குப் பட்டது. சாவி இவளிடம்தானே இருக்கிறது? கணவனை வேலையை விட்டு வரவழைக்க இவளே நாடகம் ஆடுகிறாளோ?

"ரெண்டு பேரும் கீழ வாங்க. என் கண்ணு முன்னாடி நில்லுங்க. கை வெளிய தெரியணும்."

"போலீஸா நீங்க?" என்று முணுமுணுத்தபடி டானிலோ இறங்கி வந்தான்.

லாயிட் வாயுவைத் திறந்தான். சின்ன விசிறி சுழன்றது. பற்றவைக்கும் பாகம் ஆரஞ்சாகக் கனன்றது. டக்கென்று ஒரு சத்தம். நீலச் சுடர்கள் வரிசையாகத் துள்ளி எழுந்தன.

மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

சுடர்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன.

யாரோ குனிந்து ஊதுவதுபோல.

அணைந்தன.

புகையிலை மென்ற வாயிலிருந்து வருகிற நெடி இருட்டில் பரவியது. லாயிட் புகையிலை தொடுவதில்லை. மற்ற இருவரையும் பார்த்தான். இருவர் வாயும் இறுக மூடியிருந்தன.

"இன்னொரு தடவை," என்றான்.

மறுபடி கனன்றது. மறுபடி நீலம். இந்த முறை சுடர்கள் சாயும்போது அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. நெஞ்சில் சளி கட்டிய கிழட்டு மூச்சு. நீளமாக, பொறுமையாக.

அதன்பின் ஃபர்னஸுக்கு உள்ளிருந்து தட்டும் ஒலி.

டக். டக்.

குழந்தை வீறிட்டது. "மேல போயிடலாம் அண்ணி," என்று டானிலோ அவள் முழங்கையைப் பிடித்தான். வேரா அவன் கையை உதறவில்லை.

லாயிட் ஓடியிருக்கலாம். ஆனால் ஒலி வந்தது ஒரே இடத்திலிருந்து, புகை போகிற இரும்பு அறையின் பின்பக்கத்திலிருந்து. அவன் இதுவரை பிரித்துப் பார்க்காத இடம் அது. வாயுவை அடைத்துவிட்டுத் தகடுகளைக் கழற்றினான். சின்னக் கண்ணாடியை உள்ளே நீட்டி டார்ச்சைக் காட்டினான்.

இரும்பில் ஒரு விரிசல். உள்ளங்கை நீளம். ஓரமெல்லாம் கரி.

கண்ணாடியை மெல்ல வெளியே எடுத்தான்.

"என்ன?" என்றாள் வேரா.

"எரிஞ்ச புகை சிம்னிக்குத்தான் போகணும். இது வழியா வீட்டுக்காத்துல கலந்திருக்கும். வாசனையே தெரியாத விஷம். ராத்திரி முழுக்க எரிஞ்சிருந்தா..." குழந்தையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். "இந்த விரிசல் பழசு. கிழவர் காலத்துது."

"அவருக்கு இதயம்தானே நின்னுது?" டானிலோ மெதுவாகக் கேட்டான்.

வேரா குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

அன்றே அவர்களை டானிலோவின் நண்பன் வீட்டுக்கு அனுப்பிவைத்தான் லாயிட். பழைய ஃபர்னஸைப் பெயர்த்து எடுத்து, புதியது பொருத்தினான். முதல் முயற்சியிலேயே பற்றியது. யாரும் ஊதவில்லை. விஷப்புகையைக் காட்டும் கருவியை அறைக்கு அறை மாட்டினான். எதுவும் கத்தவில்லை.

பனி உருகுவதற்குள் வேரா போன் செய்தாள்.

"ஃபர்னஸ் நல்லா எரியுது. அதுல குறையில்ல." சற்றுத் தயங்கினாள். "நீங்க ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்களேன்."

பகல் வெளிச்சத்தில் குழந்தையின் அறைக்கு அழைத்துப் போனாள். ஜன்னல் நான்கு விரல் அளவு திறந்திருந்தது. தினமும் காலையில் இப்படித்தானாம். மறுபடி டானிலோமேல்தான் சந்தேகப்பட்டிருக்கிறாள். அவனே ரோஷப்பட்டு ஜன்னல் சட்டத்தில் ஆணி அறைந்திருக்கிறான்.

அந்த ஆணிகள் பிடுங்கப்பட்டு ஜன்னல் விளிம்பில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றுகூட வளையவில்லை. வெளியே ஜன்னலுக்குக் கீழே பனி கலையாமல் கிடந்தது.

லாயிட் ஜன்னலை இழுத்துச் சாத்தினான். கொண்டியைப் போட்டு, இரு கையாலும் அழுத்திப் பார்த்தான். பிறகு திரும்பினான். எதிரே வேரா. வாசற்படியில் டானிலோ, தோளில் தூங்கும் குழந்தையோடு.

முதுகுக்குப் பின்னால் கொண்டி மெல்ல விலகியது.

புகையிலை நெடி கலந்த குளிர்காற்று பின்னங்கழுத்தைத் தொட்டது. மூவரில் ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.