தலைவரின் ஆறாவது கணக்கு

1999. மலாக்காவில் ஜாசின். திங்கள், காலை பத்து மணி.

ஊர்த் தமிழர் மன்றத் தலைவர் தனபாலனின் பதவி காணாமல் போயிருந்தது.

அவருக்கே தெரியாமல் அவர் ராஜினாமா செய்திருந்தார். மன்ற உறுப்பினர்கள் எல்லாருக்கும் அவருடைய முகவரியிலிருந்தே மின்னஞ்சல் போயிருந்தது: 'இந்தப் பதவிக்கு எனக்குத் தகுதியில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தேர்தலில் நிற்கமாட்டேன்.' ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. அதுதான் அவரை அதிகம் புண்படுத்தியது.

பஸ் நிலையத்துக்கு எதிரே பாக்கியலட்சுமி நடத்தும் சைபர் கபேக்குள் அவர் நுழைந்தார். பின்னால் அவருடைய லோரி கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி அகல்யா, அழுத முகத்தோடு. ஆறுதல் சொல்லத் துணைத்தலைவர் நாகமுத்து. நான் மலாக்கா டவுன்காரன், ரப்பர் மரத்தைப் பஸ் ஜன்னலில்தான் பார்த்திருக்கிறேன் என்று மேடைதோறும் சொல்பவர்.

"இவதான் செஞ்சா, மெம்பருங்களுக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன். என் பாஸ்வேர்டு பூரா இவளுக்குத்தான் தெரியும். வேலைய விட்டுத் தூக்கிட்டு நேரா போலீஸ் பாலாய்க்குப் போறேன்!"

"நான் செய்யலக்கா. இந்தக் கெட்ட பேரோட ஜாசின்ல வேற யாரு எனக்கு வேலை குடுப்பா?"

பாக்கியலட்சுமி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை, அவளை யாரும் ஏமாற்றியதும் இல்லை.

"மொத்தம் எத்தனை அக்கவுன்டு இருக்கு, அண்ணே?"

"ஒன்னு. இல்ல, ரெண்டு."

தேடத் தேட ஆறு வந்தது. இலவசம் என்று எங்கே கண்டாலும் தலைவர் ஒன்று திறந்திருந்தார். ஒன்றில் பெயருக்கு முன்னால் 'டத்தோ'. யாரும் கொடுக்காத பட்டம், அதுவும் இலவசம். தேவையில்லாத ஐந்தை, அகல்யா சொன்ன பாஸ்வேர்டில் திறந்து, அவள் ஒவ்வொன்றாக மூடினாள்.

"இன்னும் எவ்வளவு நேரம் லா?" நாகமுத்து சலித்துக்கொண்டார். "பெரட்டுக்கு நிக்க வெச்ச மாதிரி நிக்க வெச்சிட்டியே!"

பாக்கியலட்சுமி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

ஆறாவது கணக்கு திறக்கவில்லை. பழைய விசிட்டிங் கார்டில் இருந்த முகவரி. ராஜினாமா போனதும் அதிலிருந்துதான். அகல்யா சொன்ன பாஸ்வேர்டை அது ஏற்கவில்லை.

"யாரோ மாத்தியிருக்காங்க. சாவி வெச்சிருக்கிறவ ஏண்ணே பூட்ட ஒடைக்கணும்? பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு சொன்னா இது ஒரு ரகசியக் கேள்வி கேக்கும். சரியா பதில் சொன்னவங்களுக்குப் புது பாஸ்வேர்டு. வந்த ஆளு அப்படித்தான் வந்திருக்காரு."

கேள்வி திரையில் நின்றது. சின்ன வயதில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள்?

"பதில் என்னண்ணே?"

தனபாலன் டையைச் சரிசெய்துகொண்டார். "ராஜா. எங்க தஞ்சோங் கிளிங் கடலோர வீட்டுல எல்லாரும் ராஜான்னுதான்..."

நாகமுத்துவுக்குச் சிரிப்பு பீறிட்டது. "ராஜாவா! மங்குமண்டைன்னு கத்துனாத்தான்யா திரும்பியே பாப்ப!"

சொன்ன பிறகுதான் வாயை மூடினார்.

பாக்கியலட்சுமி அந்த வார்த்தையைத் தட்டினாள். கணக்கு திறந்தது.

"நாகமுத்து அண்ணே, நீங்கதான்," என்றாள், விலை சொல்வது போல. "தோட்டத்துல விடியறதுக்கு முன்ன ஆள் கணக்கு எடுக்கிறாங்களே, அதுதான் பெரட்டு. டவுன்காரரு வாயில அது தன்னால வராது. மங்குன்னா பால்மரத்துல ரப்பர் பால் புடிக்க வெக்கிற கோப்பை. அதைக் கவுத்த மாதிரி இவரு மண்டை இருந்தது, கூட வளந்தவருக்குத்தான் தெரியும். தலைவரு நெசத்தைச் சொல்லமாட்டாருன்னு எனக்குத் தெரியும். பொய்யக் கேட்டா, நெசம் தெரிஞ்ச ஆளுக்கு வாய் சும்மா இருக்காது."

ஒரே தோட்டத்தில் பிறந்து, முப்பது வருடமாக அதை ஊருக்கு மறைத்துவந்த இரண்டு பெருமக்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். நாகமுத்து முதலில் வெளியேறினார்.

"சரி, நீ வேலைக்கு வந்துரு," என்றார் தனபாலன்.

"முதல்ல, நான் செய்யலன்னு எல்லா மெம்பருக்கும் மெயில் போடுங்க, சார்," என்றாள் அகல்யா. "நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

அவர் சொன்னார். அவள் அடித்தாள், மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு முறை சொல்ல வைத்தாள்.

மிச்சமிருந்த ஒரே கணக்குக்குப் புது ரகசியக் கேள்வி வைக்க வேண்டியிருந்தது.

"பதில் என்ன போடறது, பாக்கியம்?" தலைவர் குரல் இறங்கியிருந்தது.

"நெசத்தப் போடாதீங்க, யாராச்சும் கண்டுபிடிச்சிருவாங்க. ஏதாச்சும் பொய்யாப் போடுங்க. உங்களுக்கா சொல்லித் தரணும்?"