பாவின் மறுமுனை

காற்றே இல்லை. ஆனாலும் சேலை நெய்வதற்காகத் தெருவில் நீளவாக்கில் நீட்டியிருந்த பாவின் பட்டிழைகள் தலைமுடி சிலிர்ப்பதுபோல் வானத்தை நோக்கி எழும்பின.

கலாவதி கண்ணைக் கசக்க நினைத்தாள், கை ஒழியவில்லை. பாவின் இந்த முனையைச் சுற்றிய மூங்கில் கழி அவளிடம் இருந்தது, தெருக்கோடியில் மறுகழியோடு அவள் புருஷன் கைலாசம் நின்றான். இரவெல்லாம் தறியிலேயே கிடந்து தூக்கம் கெட்ட உடம்பு அவளுக்கு. முசரவாக்கத்தில் பொழுது விடிந்தும் வெளிச்சம் வரவில்லை. இழைகளில் பூசிய கஞ்சியின் புளித்த வாடைக்கு நடுவே சேற்று வாடை அடித்தது. ஏரிப் பக்கம் ஊர்த் தறிகளெல்லாம் ஒன்றாக அடிப்பது போன்ற சத்தம்.

"இன்னா கலா, நின்னுக்கினே தூங்கிறியா?" இழைகளை நீவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் காந்தா சிரித்தாள். "கழிய வுட்டீன்னா, உன் வூட்டுக்காரரு உன்னையே தறியில கட்டிடுவாரு."

சிரிப்பு பாதியில் நின்றது. ஏரிக்கு மேலே கறுப்பாக ஒரு தூண் நின்றுகொண்டு சுழன்றது. அதற்குள் தென்னைமரங்கள் சுற்றின. காந்தா ஓடினாள்.

கலாவதியும் ஓடியிருக்கலாம். பாவு சிக்கினால் அதில் நெய்யவேண்டிய மூன்று சேலையும் போச்சு என்பதுதான் முதலில் தோன்றியது.

"வுட்டுடாதீங்க" என்று கத்தினாள்.

கைலாசம் விடவில்லை.

தகரக் கூரைகள் கிழிந்தன. ஒரு பசு அலறிக்கொண்டே மேலே போனது. கலாவதி கழியைப் பக்கத்து மின்கம்பத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

பிறகு, அமைதி.

தெருவில் வீடுகள் இல்லை. வானம் வெளுத்திருந்தது. பாவு அவள் கையிலிருந்து செங்குத்தாக மேலே போயிற்று. விறைப்பாக. முனை தெரியவில்லை.

மேலிருந்து ஓர் இழுப்பு. வலப்பக்கம் இறுக்கி, இடப்பக்கம் சற்றுத் தளர்த்தி. கைலாசத்தின் கை அப்படித்தான். உயிரோடு இருக்கிறான். விட்டால் விழுந்துவிடுவான்.

தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. கொஞ்சம் படுத்தால் போதும்.

"போதும் கலா. வுட்டுடு."

முதுகுக்குப் பின்னால். கைலாசத்தின் குரல்.

"நான் இங்கதாம்மா இருக்கேன்."

அவள் திரும்பவில்லை. பிடரியில் மூச்சு படவில்லை. மேலே மறுபடியும் இழுப்பு.

"கை மரத்துப்போச்சுங்க" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஈரமான விரல்கள் பின்னாலிருந்து வந்தன. அவளுடைய சுண்டுவிரலைக் கழியிலிருந்து மெல்லப் பிரித்தன. அடுத்து, மோதிரவிரலை.