இடது மூலை

டாக்ஸிக்குள் யாரும் இல்லை. ஆனாலும் அதன் முன்பக்க இடது மூலை, யாரோ கனமாக உட்கார்ந்திருப்பதுபோல் தரையை நோக்கி இறங்கியிருந்தது.

பட்டறை மெக்கானிக் துலால் மிஸ்திரி டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்களை அடுக்கி அளந்தார். வலப்பக்கம் ஆறு விரல், இடப்பக்கம் நான்கு. கொல்கத்தாவின் பழைய மஞ்சள் டாக்ஸிகளை அவரும் கூட்டாளி பவதோஷும் இப்படித்தான் அளப்பார்கள். பவதோஷுக்கு மோதிர விரல் பாதிதான். "மூணரை விரல்காரன்" என்று பட்டறையே அவனைக் கேலி செய்யும்.

"போன வாரம்தானே வண்டியைத் தாங்குற முறுக்குக் கம்பியை ஏத்தி வெச்சீங்க மிஸ்திரி? மறுபடியும் குந்திக்கிச்சு பாருங்க," என்றான் ஓட்டுநர் ரகுவீர்.

"இன்னிக்கு விஸ்வகர்மா பூஜைடா. ஸ்பேனரைத் தொட மாட்டேன்."

"கையால தொட்டுப் பாருங்க, போதும். கைக்குமா பொட்டு வெச்சுட்டீங்க?" சிரித்துக்கொண்டே பிரசாதக் கிச்சடி வாங்கப் போய்விட்டான். வண்டி அவன் கைக்கு வந்து ஆறு மாதம்தான். அதன் கதை அவனுக்குத் தெரியாது.

கருவிகளெல்லாம் விஸ்வகர்மா சிலையின் காலடியில் குங்குமப் பொட்டோடு கிடந்தன. போன வருடம் இதே நாளில், ஒரு அவசர வேலைக்காக துலால் அங்கிருந்து ஜாக்கியை எடுத்தார். "பூஜையில வெச்சதைத் தொடாதேடா" என்று சொன்ன பவதோஷ், பிறகு மனசு கேட்காமல் அவனே வண்டிக்கு அடியில் படுத்தான். மரக்கட்டை முட்டுக் கொடுக்க துலாலுக்குப் பொறுமையில்லை. ஜாக்கி சறுக்கி வண்டி இறங்கியதில் பவதோஷ் அங்கேயே போய்விட்டான். இதே வண்டி, இதே மூலை. ஜாக்கியை எடுத்தது பவதோஷ்தான் என்று அவன் மனைவியிடமே சொன்னார் துலால். இந்த ஒரு வருடமும் அந்தப் பொய் தொண்டையிலேயே நிற்கிறது.

டயரில் காற்று சரியாக இருந்தது. கம்பி மூட்டின் ரப்பர் புஷ்ஷும் புதியது. மொட்டைமாடிகளில் பட்டம் அறுந்ததற்கு எழுந்த கூச்சல், தெருமுனை ஒலிபெருக்கி, ஈரத் தார்ப்பாய் காற்றில் படபடக்கும் சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவே, துலால் இரண்டு கையாலும் அந்த மூலையை அமுக்கி, மேலே துள்ளி வருகிறதா என்று பார்க்கக் கையை எடுத்தார்.

துள்ளவில்லை. இறங்கியது. கைனிப் புகையிலை வாசனை வந்தது. பவதோஷ் எந்நேரமும் மெல்லுவது.

"பவதோஷ்..." என்றார். "நான்தான்டா எடுத்தேன்."

ஒலிபெருக்கி நின்றது. தெருவே அமைதியானது.

மறுபடி அளந்தால் பயம் போய்விடும் என்று நினைத்தார். விரல்களை உள்ளே விட்டார்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

நான்கும் அவருடையவை.

அவற்றின் நடுவே, உள்ளிருந்து, சில்லென்று இன்னொன்று நுழைந்தது. ஐந்து.

ஆறு.

அடுத்தது பாதிதான் இருந்தது.

அந்தக் கை அவர் கையை இறுகக் கோத்துக்கொண்டது. வண்டி மெல்ல இறங்கத் தொடங்கியது.