அரை டம்ளர் மூச்சு

காலை ஆறு மணிக்குத் துணியும் மக்குமாக அவன் மகளின் அறைக்குள் போனபோது, ஜன்னல் கண்ணாடி மறுபடியும் தப்பான பக்கத்தில்தான் வேர்த்திருந்தது.

கட்டில் இடப்பக்கச் சுவரை ஒட்டிக் கிடந்தது. ஐந்து வயதுப் பிள்ளை அங்கே இழுத்து இழுத்து மூச்சு விட்டுத் தூங்கினால் இடப்பக்கக் கண்ணாடியில்தானே நீர் கோக்க வேண்டும். அங்கே லேசான மூட்டம் மட்டும். வலப்பக்கம், ஜன்னலுக்கும் துணி அலமாரிக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற அளவு இடைவெளி விட்டிருந்த மூலையை ஒட்டிய கண்ணாடியில், சரியாக அவன் முக உயரத்துக்கு ஈரம் திட்டாகப் படிந்து, கோடு கோடாக வழிந்து, சட்டத்தின் அடியில் குளம் கட்டி நின்றது. சுற்றிலும் ரப்பர் விளிம்பிலும் சுவரிலும் பூசணம். நேற்று சாயங்காலம்தான் பழைய பிரஷ்ஷால் விரல் நோகத் தேய்த்து எடுத்திருந்தான். அதே இடத்தில், அதே வடிவத்தில் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது, வாடகை ஒப்பந்தம் தன் பெயரில்தான் இருக்கிறது என்பதுபோல.

மூன்று வாரமாக இதே பிழைப்பு. பிளீச்சிங் தண்ணீர் ஒரு வாரம், வினிகர் ஒரு வாரம், கடைக்காரன் சத்தியம் செய்து கொடுத்த பச்சை பாட்டில் ஒரு வாரம். கண் எரிந்தது, கை உரிந்தது, பூசணத்துக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. எல்லா மருந்து நெடிக்கும் அடியில், துவைக்காமல் வாளியில் ஊறிக் கிடக்கும் சட்டையின் வாடை.

எட்டு மணிக்கு மனைவி வந்தாள். ஆஸ்பத்திரியில் இரவுப் பணி நர்ஸ். செருப்பைக் கழற்றுமுன் நேராக ஜன்னலுக்குப் போய்ச் சட்டத்தில் விரலை வைத்துப் பார்த்தாள்.

“நைட் ஷிப்ட் ஒத்துக்கலைன்னு வேலையை விட்டுட்டு வந்தீங்க. ஒரு ஜன்னலோடயும் ஒத்துப்போக முடியலையா?”

“தேய்ச்சுக்கிட்டுதானே இருக்கேன்.”

“ஞாயித்துக்கிழமை காலையில வந்து பார்ப்பேன். காயலைன்னா பாப்பாவை அண்ணன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். நீங்க உங்க ஜன்னலோட குடும்பம் நடத்துங்க.”

அவள் சொன்னால் செய்வாள். வேலையும் போய், பிள்ளையும் போனால் அந்த வீட்டில் அவனுக்கு என்ன மிச்சம்?

வெள்ளிக்கிழமை பெயிண்டரை வரவழைத்தான். அவர் மக்கை எடுத்து, காலையில் பிழிந்த தண்ணீரை ஆட்டிப் பார்த்தார்.

“இது வெளித்தண்ணி இல்ல சார். மூச்சு. சின்னப் புள்ளை ராத்திரி பூரா மூச்சு விட்டா அரை டம்ளர் நிக்கும். இது முழு மக். எத்தனை பேர் படுக்கறீங்க இங்க?”

“பாப்பா மட்டும்தான். நான் ஹால்ல.”

“அப்ப உங்க பாப்பா யானைக்குட்டியால்ல இருக்கணும்.” சிரித்துக்கொண்டே அலமாரிக்குப் பக்கத்து மூலையில் கையை விட்டார். சிரிப்பு நின்றது. கையை எடுத்துப் பேண்ட்டில் துடைத்தார், இரண்டு முறை.

“கதகதன்னு இருக்கு சார் இங்க.”

“வெயில் படுதோ என்னவோ.”

“இந்தப் பக்கம் ஏது சார் வெயில்? காஞ்சதும் கூப்பிடுங்க, ஈரத்து மேல பெயிண்ட் நிக்காது.” ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவனுக்கு எரிச்சல்தான் வந்தது. மூலையால்தானே பிரச்சினை, மூலையே இல்லாமல் செய்துவிட்டால்? அலமாரியைத் தோளால் முட்டி, மூச்சிரைக்க, ஜன்னலோரம்வரை தள்ளி இடைவெளியை அடைத்தான். உள்ளே ஏதோ நசுங்கியதுபோல மெத்தென்று ஒரு தடை. பிறகு இடம் கொடுத்தது.

சனிக்கிழமை விடியும்போது சத்தம் கேட்டு ஓடினான். மகள் கட்டிலில் உட்கார்ந்து, தோள் ஏறி இறங்க, காற்றைத் தேடிக்கொண்டிருந்தாள். இன்ஹேலரை இரண்டு முறை அடித்த பிறகுதான் நெஞ்சு அடங்கியது. நிமிர்ந்து பார்த்தான். வலப்பக்கக் கண்ணாடி காய்ந்திருந்தது. இடப்பக்கத்தில் வழிந்துகொண்டிருந்தது. கட்டிலுக்கு நேர் மேலே. தலையணை உயரத்தில்.

“அங்க இடம் இல்லாம இங்க வந்துடுச்சுப்பா” என்றாள் மகள்.

பூசணத்தைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டான். வலப்பக்கமாவது காய்ந்ததே என்று அலமாரியை அப்படியே விட்டான். எட்டு மணிக்கு மனைவி வந்துவிடுவாள். அவசர அவசரமாகத் துடைத்து, பிழிந்து, இன்ஹேலரைத் தலையணைக்கு அடியில் தள்ளினான். மகளின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான்.

“உனக்கு இழுத்ததைப் பத்தி அம்மாகிட்ட மூச்சு விடக் கூடாது. ஜன்னலைப் பத்தியும். நாளைக்கு அம்மா வந்து பார்க்கற வரைக்கும் மூச்சு விடாதே. சரியா?”

மகள் தலையாட்டினாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, கட்டிலில் காலியாக இருந்த பாதியைப் பார்த்துச் சொன்னாள்.

“நீயும்தான்.”

பிள்ளை விளையாட்டு என்று விட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை. ஆறு மணிக்குத் துணியோடு போனான். இரவெல்லாம் இருமல் இல்லை, இழுப்பு இல்லை, அவனே அடித்துப்போட்டதுபோலத் தூங்கியிருந்தான். கண்ணாடி காய்ந்திருந்தது. இடப்பக்கமும். வலப்பக்கமும். விரலால் தேய்த்தான், கிறீச்சென்றது. சட்டத்தின் அடியில் தூசிகூட உலர்ந்து கிடந்தது. மூன்று வாரத்தில் முதல்முறையாக அவனுக்குச் சிரிப்பு வந்தது. வரட்டும். விரலை வைத்துப் பார்க்கட்டும்.

மக்கைக் கீழே வைத்தான். காலி மக்.

அரை டம்ளர் நிற்கும் என்றார் பெயிண்டர். ஒரு பிள்ளைக்கு.

ஒரு சொட்டு இல்லை.

அறையில் சத்தமே இல்லை. அந்த இழுப்பு இல்லை. எந்த மூச்சும் இல்லை. அவனுடையதைத் தவிர.

முன்வாசலில் சாவி திரும்பியது. “சீக்கிரம் விட்டுட்டாங்க” என்றாள் மனைவி ஹாலிலிருந்து. “ஜன்னல் காஞ்சுதா?”

அவன் திரும்பினான்.

மகள் மல்லாந்து படுத்திருந்தாள். கண்கள் திறந்திருந்தன. கன்னங்கள் உப்பியிருந்தன. உதடுகளின் மேல் ஒரு விரல், பேசாதே என்பதுபோல. நீளமான விரல். ஈரமாக இருந்தது. கணுவுக்குக் கணு கறுப்பாய்ப் பூத்திருந்தது.

அவளுடைய இரண்டு கைகளும் போர்வைக்கு மேலே இருந்தன.