பதினொரு பெட்டை, ஒரு கிடா

மலாக்காவின் காஜா பெராங்கில் மிஞ்சியிருந்த ஒரே நாட்டுச் செம்மறிக் கிடாவின் விலை எழுபது வெள்ளி. சீமைக் கிடாக்கள் மலாக்கா மழைக்கு இரண்டு மாதம் தாங்காது. இது ஏழு வருடம் நனைந்தது. இதற்கு விலையே கிடையாது என்றவர்கள்தான் முதலில் பேரம் பேசினார்கள். கடைசியில் மெர்டேக்கா சுதந்திர நாள் விருந்துக்கென்று ஒரு கசாப்புக்காரர் விலை முடித்தார்.

1957 ஆகஸ்ட் 28, காலை 7.10. பட்டியில் கிடா செத்துக் கிடந்தது. வயிறு உப்பி, கால்கள் விறைத்திருந்தன.

கிடாவும் பதினொரு பெட்டைகளும் வட்டிக்கடை சொக்கப்பனுடையவை. வளர்ப்பவள் சாரதாம்பாள். குட்டியில் பாதி அவளுக்கு. சினையாகாத பெட்டையை அவர் திரும்ப ஓட்டிப்போவார். அதுதான் பேச்சு.

"வெஷம் வச்சுட்டாங்க, சார்ஜண்ட்! முன்பணம் வாங்கிட்டேனே!" என்றார் சொக்கப்பன். கிடாவை வருடத்துக்கு ஒருமுறை, வேலிக்கு அப்பாலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தவர்.

போலீஸ் சார்ஜண்ட் தேவதாஸ் குனிந்தார். "எப்பம்மா செத்துச்சு?"

"நேத்து சாயங்காலம்." என்றாள் சாரதாம்பாள்.

"எங்க மேய்ச்சல்?"

"பத்து பெரெண்டாம் ஊர்ப் பக்கம். செம்மண் ரோட்டுல போக வர நாலு கட்டை தூரம்."

"தினமுமா?"

"மழை பேஞ்சாலும்."

"நெஞ்சுல என்ன சிவப்பு?"

"செம்மண்ண தேங்காயெண்ணெயில குழைச்சுப் பூசுவேன். கிடா சேர்ந்த பெட்டை முதுகுல ஒட்டும். கணக்கு தெரியும்."

பட்டித் தூணில், சேர்ந்த பெட்டைக்கு ஒன்றாக, ஒன்பது கரிக்கோடுகள். தேவதாஸ் பெட்டைகளின் முதுகைத் தொட்டுக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரலைப் பார்த்தார்.

7.40. "தினம் நாலு கட்டை நடக்குற கிடாவுக்குக் குளம்பு தேயும். இதுக்கு வளந்து சுருண்டிருக்கு, கட்டிப்போட்டு வளத்தது. நேத்தே செத்ததா சொல்ற கிடா பூசுன சிவப்பு, இந்தப் பெட்டை முதுகுல இன்னும் காயல. மொதலாளி, இது ஒங்க கிடா இல்ல. மாத்தி வச்சது சாரதாம்மா."

சாரதாம்பாள் செத்த கிடாவைக் காட்டினாள். "சீக்குல செத்தது. மூணு வெள்ளிக்கு வாங்கினேன். ரெண்டு பெட்டை பாக்கி இருந்துச்சு. விடியக்காலம் ஒண்ணு சேர்ந்துச்சு."

"ஒளிச்சு வச்ச கிடாவுக்கு ஏம்மா சிவப்பு பூசினே?"

"பூசாம விட்டதில்லீங்க."

ரப்பர் ஷீட் காயவைக்கும் கொட்டகையிலிருந்து உயிருள்ள கிடா வந்தது. சொக்கப்பன் மலர்ந்தார். "கேஸெல்லாம் வேணாம். லோரியில ஏத்துங்க."

தேவதாஸ் நோட்டைத் திறந்தார். "எழுதி முடிக்க மத்தியானம் ஆகும், மொதலாளி. அதுவரைக்கும் கிடா பட்டியிலயே நிக்கட்டும்." பார்வை அவள் பக்கம் போனது.

"வேணாங்க ஐயா. கடைசிப் பெட்டை பருவத்துக்கு வர இன்னும் நாலு நாளாகும்."

8.15. லோரி போனது. சாரதாம்பாள் கரித்துண்டை எடுத்துத் தூணில் ஒரு கோடு இழுத்தாள்.

பெட்டை பதினொன்று. சிவப்பு பத்து. திரும்பப் போவது ஒன்று.