நஞ்சுண்டனின் பகல் தூக்கம்

“இன்னிக்கு நல்லாத் தூங்குனீங்களாட்ட இருக்குதுங்க. கொறட்டை எங்கூடு வரைக்கும் கேட்டுதுங்க” என்றாள் பக்கத்து வீட்டுக் காளியாத்தாள்.

நஞ்சுண்டன் சிரித்து மழுப்பினான். அன்று அவனுக்கு ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை.

துடியலூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் அவனுக்கு நைட் ஷிப்ட். மனைவி தெய்வாத்தாள் போய்ச் சேர்ந்து எட்டு மாதம். பகல் தூக்கமும் அவளோடு போய்விட்டது. சோறு இறங்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை. போன மாதம் மெஷின் ஓடும்போதே கண் சொக்கி, விரல் மயிரிழையில் தப்பியது. மில் ஆபீசர் ஜாவித், தூக்கம் வர வழி சொல்லும் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் முன்னால் அவனை உட்காரவைத்தார்.

“மூணு வாரம் இது சொல்றபடி செய்யுங்க. தூக்கம் சரியாகலீன்னா வேலைய உட்டு நிறுத்திப்போடுவாங்க.”

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போகவேண்டும். அது கேட்பதை ஜாவித் படித்துச் சொல்வார். இவன் பதிலை அவரே தட்டுவார். படுத்து இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போ என்பது அதன் சட்டம். அதனால் பகலெல்லாம் அவன் சமையலறையில்தான் குந்தியிருந்தான். பேச ஆளில்லாத வீட்டில் பாத்திரங்களையே பார்த்துக்கொண்டு.

மறுநாள் அவனுக்கும் கேட்டது. ஜன்னலில் சாக்கு கட்டி இருட்டாக்கிய படுக்கையறையிலிருந்து, தெருமுனைத் தறிச்சத்தத்துக்கு அடியில், ஈரமாக, நிதானமாக, இழுத்து இழுத்து விடும் மூச்சு. கூடவே வியர்வையும் பஞ்சுத்தூசியும் கலந்த அவனுடைய வாடை. போய்ப் பார்த்தான். கட்டில் காலி. தலையணை மட்டும் குழிந்து, சூடாக இருந்தது.

“என்ற கட்டில்ல ஆரோ தூங்குறாங்கன்னு போடுங்க” என்றான் அன்று சாயங்காலம்.

ஜாவித் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தார். “இந்த எண்ணத்துக்கு ஆதாரம் என்னன்னு கேக்குதுங்க.”

“தலையணை சுடுதுங்க.”

“வெயில் காலமுங்க. நாளைக்குக் கடைசி நாளு. கண்ணால பாத்துட்டு வாங்க. ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சாத் தூக்கம் தானா வந்துரும்.”

மறுநாள் பகலில் பார்க்கத்தான் போனான். மூச்சு கேட்டதும் கதவைத் தள்ளினான்.

சாக்கின் ஓட்டை வழியே ஒரு கோடு வெயில். சுவரைப் பார்த்து ஒருவன் படுத்திருந்தான். நஞ்சுண்டனின் அதே கைலி. அவனுடைய கழுத்து. அப்படியொரு தூக்கம். பயத்துக்கு முன்னால் நஞ்சுண்டனுக்குப் பொறாமைதான் வந்தது.

தோளைத் தொட்டான்.

அது எழுந்தது. சோம்பல் முறித்தது. முகம் கழுவியது. ஆணியில் தொங்கிய அவனுடைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டது. அவனை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. வெளியே போனது. கதவைச் சாத்தியது. பூட்டு விழுந்தது.

“மூஞ்சி தெளிஞ்சிருச்சுங்களே! ஆபீசரப் பாக்கக் கெளம்பிட்டீங்களா?” காளியாத்தாளின் குரல்.

“ஆமாங்க. போயிட்டு வாரேனுங்க” என்றது அவன் குரல்.

கத்தவேண்டும். கதவைத் தட்டவேண்டும். கை எழவில்லை. எட்டு மாதத் தூக்கமும் ஒன்றாக வந்து கண்ணை அமுக்கியது. கதவடியிலேயே சரிந்தான்.

அவனுடைய சைக்கிள் மில் பக்கம் திரும்பிப் போனது. பூட்டிய வீட்டுக்குள் அவனை எழுப்ப ஒருவரும் இல்லை.